இரு பரிமாண வெக்டர்களைக் கூட்டுதல்: வரைந்தும் கூறுகளாகப் பிரித்தும்

ஒருவர் திறந்த வெளியில் 60 மீட்டர் நேராக நடந்து, பிறகு வேறு திசையில் திரும்பி 45 மீட்டர் நடக்கிறார் என்று கொள்வோம். அவர் நடந்த தொலைவு 105 மீட்டர் என்பதில் ஐயமில்லை. ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து இப்போது எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் நிற்கிறார் என்று கேட்டால், திரும்பிய கோணம் தெரியாமல் விடை சொல்ல முடியாது. அதே திசையில் தொடர்ந்து நடந்திருந்தால் 105 மீட்டர் தள்ளி நிற்பார். வந்த வழியே திரும்பி நடந்திருந்தால் 15 மீட்டர். வேறு எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மதிப்பு. இந்த இரு எல்லைகளையும் கணக்கைத் தொடங்கும் முன்பே தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுவது நல்லது. பின்னால் கிடைக்கும் விடை அவற்றுக்கு வெளியே போனால், எங்கோ பிழை நேர்ந்திருப்பது அப்போதே தெரிந்துவிடும்.

எண்மதிப்பு, திசை ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை பெறும் அளவுகள் வெக்டர்கள் எனப்படும். இலங்கைப் பாடநூல்களில் இவை காவிகள். இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம், விசை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நிறை, வெப்பநிலை, காலம் போன்றவற்றுக்குத் திசை இல்லாததால் அவற்றைச் சாதாரண எண்களைப் போலவே கூட்டிவிடலாம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வெக்டர்களின் விளைவை ஒரே வெக்டராகச் சொல்வதே கூட்டல். அந்த ஒற்றை வெக்டரைத் தொகுபயன் வெக்டர் என்பர்.

கூட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு: அளவுத்திட்டப்படி வரைந்து அளந்து பார்ப்பது ஒன்று, ஒவ்வொரு வெக்டரையும் கிடைக்கூறு, குத்துக்கூறு என்று பிரித்து எண்களாகக் கூட்டுவது மற்றொன்று. தேர்வு எழுதும் மாணவர்களில் பலர் முதல் வழியை ஒரு சடங்காகக் கருதி ஒதுக்கிவிட்டு நேரே இரண்டாவதற்குப் போகின்றனர். அது சரியான பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. துல்லியம் கூறுகளிடம் இருந்தாலும், விடை எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்ற உணர்வு படத்திலிருந்துதான் வருகிறது. அது இல்லாதவர்கள் கால்குலேட்டர் காட்டும் தவறான கோணத்தையும் அப்படியே எழுதிவிடுகின்றனர். எனவே ஒரே கணக்கை இங்கே இரு வழிகளிலும் செய்து பார்ப்போம்.

கணக்கைத் தொடங்கும் முன்

கோணத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கணிதத்தில் உள்ள வழக்கப்படி, கிழக்கை, அதாவது தாளில் வலப்பக்கம் நோக்கிய கிடை அச்சை, 0° என்று கொண்டு, அங்கிருந்து இடஞ்சுழியாக, கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் அளப்போம். அப்போது வடக்கு 90°, மேற்கு 180°, தெற்கு 270° ஆகும். வினாவில் ‘வடக்கிலிருந்து 20° மேற்காக’ என்று வேறு விதமாகக் கொடுத்திருந்தால், வேறெதையும் செய்வதற்கு முன் அதை இந்த வழக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வடக்கு 90°, அங்கிருந்து மேற்குப் பக்கமாக இன்னும் 20° என்றால் 110°.

நமது எடுத்துக்காட்டில் முதல் இடப்பெயர்ச்சி 25° திசையில் 60 மீட்டர். இரண்டாவது 110° திசையில் 45 மீட்டர்.

வரைந்து கூட்டுதல்

கூராகச் சீவிய பென்சில், மில்லிமீட்டர் குறியிட்ட அளவுகோல், பாகைமானி, இரண்டு மூலைமட்டங்கள், ஒரு வரைபடத்தாள் ஆகியவை போதும். முதலில் அளவுத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் தாளுக்குள் அடங்க வேண்டும், ஆனால் மிகச் சிறிதாகவும் இருக்கக் கூடாது. இங்கே 1 செ.மீ. = 10 மீட்டர் என்று கொண்டால் முதல் வெக்டர் 6 செ.மீ., இரண்டாவது 4.5 செ.மீ. நீளம் வரும். தேர்ந்தெடுத்த அளவுத்திட்டத்தைத் தாளின் மூலையில் எழுதிவிட வேண்டும். அது இல்லாத வெக்டர் படத்தைப் பிறர் அளந்து படிக்க முடியாது.

தாளின் இடது கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்து, அதன் வழியாக மெல்லிய கிடைக்கோடு ஒன்றை வரையவும். பாகைமானியின் நடுப்புள்ளி அந்தப் புள்ளியின் மேலும், அதன் அடிக்கோடு கிடைக்கோட்டின் மேலும் சரியாகப் பொருந்துமாறு வைத்து 25° இல் குறியிடவும். பாகைமானியில் உள்ளும் புறமுமாக இரண்டு எண் வரிசைகள் இருக்கும். வலப்பக்கம் 0 என்று தொடங்கும் வரிசையையே இங்கே படிக்க வேண்டும். வரிசை மாறிவிட்டால் 25° இருக்க வேண்டிய இடத்தில் 155° வந்து, அம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். தொடக்கப்புள்ளியையும் குறியையும் இணைக்கும் கோட்டில் 6 செ.மீ. அளந்து, அந்த முனையில் அம்புக்குறி இடவும். அளவுகோலின் விளிம்பிலிருந்து அல்லாமல் 0 என்ற குறியிலிருந்து அளக்க வேண்டும், ஏனெனில் பல அளவுகோல்களில் இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்.

இப்போது முதல் வெக்டரின் தலையில் இரண்டாவது வெக்டரின் வாலை வைக்க வேண்டும். அதற்கு முதல் அம்பின் முனை வழியாக, முன்பு வரைந்த கிடைக்கோட்டுக்கு இணையாக இன்னொரு மெல்லிய கோடு தேவைப்படுகிறது. ஒரு மூலைமட்டத்தை முதல் கிடைக்கோட்டோடு ஒட்டி வைத்து, அதன் பக்கத்தில் மற்றொரு மூலைமட்டத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, முதல் மூலைமட்டத்தை அம்பின் முனை வரை நகர்த்தினால் இணைகோடு கிடைத்துவிடும். வரைபடத்தாளின் கட்டங்கள் இருந்தால் இந்த வேலையும் மிச்சம். அந்தப் புதிய கோட்டிலிருந்து 110° அளந்து, 4.5 செ.மீ. நீளத்தில் இரண்டாவது அம்பை வரையவும். இங்கே புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, 110° என்பதை முதல் வெக்டரின் கோட்டிலிருந்து அளப்பது. வினாவில் கொடுத்த கோணம் கிழக்கிலிருந்து அளந்தது. எனவே எந்த இடத்திலிருந்து வரைந்தாலும் கிழக்கிலிருந்தே அளக்க வேண்டும்.

முதல் வெக்டரின் வாலிலிருந்து இரண்டாவது வெக்டரின் தலைக்கு ஒரு கோடு இழுத்து, தலைப்பக்கத்தில் அம்புக்குறி இட்டால் அதுவே தொகுபயன். நாம் வரைந்த படத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 7.8 செ.மீ., கிடைக்கோட்டோடு அது அமைக்கும் கோணம் ஏறத்தாழ 60°. ஆகவே நடந்தவர் புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 78 மீட்டர் தள்ளி, கிழக்கிலிருந்து 60° வடக்காக நிற்கிறார். 15க்கும் 105க்கும் இடையில் இருப்பதால் விடை நம்பத்தக்கதே. இரண்டாவது வெக்டரை முதலில் வரைந்து அதன் தலையில் முதலாவதை வைத்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம். கூட்டலில் வரிசை முக்கியமன்று.

இந்த முறைக்கு முக்கோண விதி என்று பெயர். இரு வெக்டர்களின் வால்களையும் ஒரே புள்ளியில் வைத்து, அவற்றை அடுத்துள்ள பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தை நிறைவு செய்து, அந்தப் புள்ளியிலிருந்து புறப்படும் மூலைவிட்டத்தைத் தொகுபயனாகக் கொள்வது இணைகர விதி. ஒரே பொருளின் மேல் இரு விசைகள் ஒரே நேரத்தில் செயல்படும் கணக்குகளுக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவில் தம் இயக்க விதிகளை அடுத்துத் தரும் முதல் கிளைத்தேற்றமே இந்த இணைகரந்தான். இரண்டு விதிகளுக்கும் விடை ஒன்றே, ஏனெனில் இணைகரத்தை மூலைவிட்டத்தின் வழியே வெட்டினால் கிடைப்பது முன்பு வரைந்த அதே முக்கோணம். ஆனால் இணைகரத்துக்கு இரண்டு மூலைவிட்டங்கள் இருப்பதால் தவறானதைத் தேர்ந்தெடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. வால்கள் சந்திக்கும் புள்ளியிலிருந்து புறப்படுவதே கூட்டலுக்குரியது. இரு தலைகளையும் இணைக்கும் மற்றொன்று கழித்தலின் விடை.

வரைபடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? 8 செ.மீ. நீளமுள்ள கோட்டில் 1° பிழை நேர்ந்தால் அதன் முனை ஏறத்தாழ 1.4 மி.மீ. விலகும், நம் அளவுத்திட்டத்தில் அது 1.4 மீட்டர். பென்சில் கோட்டின் தடிப்பும் அளவுகோலைப் படிப்பதில் ஏற்படும் சிறு தவறும் சேர்ந்தால், கவனமாக வரைந்தவருக்கும் ஒன்றிரண்டு மீட்டர் வேறுபாடு வருவது இயற்கை. படத்திலிருந்து 78.1 என்று தசமப் புள்ளிக்குப் பின்னும் எழுதுவது உரிமையில்லாத துல்லியம். அது வேண்டுமானால் கூறுகளுக்குப் போக வேண்டும்.

கூறுகளாகப் பிரித்துக் கூட்டுதல்

தளத்தில் உள்ள எந்த வெக்டரையும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு வெக்டர்களின் கூடுதலாக எழுதிவிடலாம். நம் கணக்கில் ஒன்று கிழக்கு மேற்காகவும் மற்றொன்று வடக்கு தெற்காகவும் அமைகின்றன. உச்சி வெயிலில் சாய்ந்து நிற்கும் கழியின் நிழல் தரையில் எவ்வளவு நீளத்துக்கு விழுகிறதோ, அதைப் போன்றதுதான் கிடைக்கூறு. 25° திசையில் 60 மீட்டர் நடப்பது, கிழக்கே ஒரு குறிப்பிட்ட தொலைவு நடந்து, பிறகு வடக்கே ஒரு குறிப்பிட்ட தொலைவு நடப்பதற்குச் சமம். இப்படிப் பிரித்துவிட்டால், கிழக்கே சென்றவற்றைத் தனியாகவும் வடக்கே சென்றவற்றைத் தனியாகவும் சாதாரண எண்களாகக் கூட்டலாம். கிழக்கே போகும் தொலைவை வடக்கே போகும் தொலைவு எவ்விதத்திலும் பாதிக்காது என்பதே இந்த முறையின் அடிப்படை.

கோணம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளக்கப்பட்டிருந்தால், எண்மதிப்பைக் கோணத்தின் கொசைனால் பெருக்கக் கிடைப்பது கிடைக்கூறு, சைனால் பெருக்கக் கிடைப்பது குத்துக்கூறு. இந்த நிபந்தனையை மறந்துவிட்டு ‘கிடைக்கூறு என்றால் கொசைன்’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், கோணம் வடக்கிலிருந்து கொடுக்கப்பட்ட முதல் கணக்கிலேயே தடுமாறுவார்கள். கொசைன் என்பது கோணத்தை ஒட்டிய பக்கத்துக்கு உரியது. கோணத்தை எந்த அச்சிலிருந்து அளந்தோமோ, அந்த அச்சின் மேல் விழும் கூறே கொசைனைப் பெறும். எல்லாக் கோணங்களையும் முதலிலேயே கிழக்கிலிருந்து அளந்தவையாக மாற்றிக்கொள்ளச் சொன்னதன் காரணம் இதுதான்.

கால்குலேட்டரைத் தொடும் முன் அது பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சைன் 30 என்று கேட்டுப் பார்த்தால் போதும், 0.5 வந்தால் பாகை, −0.988 வந்தால் ரேடியன்.

முதல் வெக்டரின் கிடைக்கூறு 60 × 0.9063 = 54.38 மீட்டர், குத்துக்கூறு 60 × 0.4226 = 25.36 மீட்டர். இரண்டாவது வெக்டரின் கோணம் 90°ஐத் தாண்டியிருப்பதால் கொசைன் எதிர்க்குறியோடு வருகிறது: கிடைக்கூறு 45 × (−0.3420) = −15.39 மீட்டர். படத்தைப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். இரண்டாவது அம்பு சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதாவது அவர் இரண்டாம் கட்டத்தில் 15.39 மீட்டர் மேற்கு நோக்கித் திரும்ப வந்திருக்கிறார். குத்துக்கூறு 45 × 0.9397 = 42.29 மீட்டர்.

கிடைக்கூறுகளின் கூடுதல் 54.38 − 15.39 = 38.99. குத்துக்கூறுகளின் கூடுதல் 25.36 + 42.29 = 67.65. தொகுபயனின் கூறுகள் இவையே. இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் ஆவதால், பிதாகரஸ் தேற்றப்படி இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் எண்மதிப்பு கிடைக்கும்: 1520.2 + 4576.5 = 6096.7, இதன் வர்க்கமூலம் 78.1. திசைக்குக் குத்துக்கூறைக் கிடைக்கூறால் வகுக்க வேண்டும்; 67.65 ÷ 38.99 = 1.735, டேன்ஜன்ட் 1.735 ஆக உள்ள கோணம் 60.0°. தொகுபயன் 60.0° திசையில் 78.1 மீட்டர். வரைந்து பெற்ற 78 மீட்டரும் 60°யும் இதனோடு பொருந்துகின்றன.

இடைநிலைக் கணக்குகளில் இரண்டு தசம இடங்களையாவது வைத்துக்கொண்டு, கடைசி வரியில் மட்டும் சுருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முழு எண்ணாகச் சுருக்கிக்கொண்டே வந்தால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

கோணம் ஏமாற்றும் இடம்

இரண்டு வெக்டர்களுக்கு மேல் வரும்போதுதான் கூறு முறையின் பயன் முழுமையாகத் தெரிகிறது. ஒரு வளையத்தை மூன்று கயிறுகள் இழுக்கின்றன என்று கொள்வோம்: 0° திசையில் 20 நியூட்டன், 120° திசையில் 30 நியூட்டன், 210° திசையில் 25 நியூட்டன். கிடைக்கூறுகள் முறையே 20, −15, −21.65, குத்துக்கூறுகள் 0, 25.98, −12.5. கூட்டினால் கிடைப்பவை −16.65, 13.48. எண்மதிப்பு 21.4 நியூட்டன்.

இனிக் கோணம். 13.48 ÷ (−16.65) = −0.810, இதைக் கொடுத்தால் கால்குலேட்டர் −39° என்று காட்டும். கிழக்கிலிருந்து 39° தெற்காக என்று பொருள்படும் இந்த விடை தவறு. கிடைக்கூறு எதிர்க்குறி, குத்துக்கூறு நேர்க்குறி என்பதால் தொகுபயன் வடமேற்குக் காற்பகுதியில்தான் இருக்க முடியும். கால்குலேட்டருக்குத் தெரிவது இரு கூறுகளின் விகிதம் மட்டுமே. எதிர்க்குறி மேலே இருந்து வந்ததா, கீழே இருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. நேர் எதிரெதிரான இரு திசைகளுக்கும் டேன்ஜன்ட் ஒன்றே என்பதால், அது எப்போதும் −90°க்கும் 90°க்கும் இடைப்பட்ட கோணத்தையே காட்டும். ஆகவே கிடைக்கூறு எதிர்க்குறியாக இருக்கும் போதெல்லாம் கால்குலேட்டர் காட்டும் கோணத்தோடு 180°ஐக் கூட்ட வேண்டும்: −39° + 180° = 141°. கிடைக்கூறு நேர்க்குறியாக இருந்தால் எதையும் கூட்ட வேண்டியதில்லை. கிடைக்கூறு 0 ஆக இருந்தால் வகுக்கவே முடியாது. குத்துக்கூறின் குறியைப் பார்த்து 90° அல்லது 270° என்று நேரடியாக எழுதிவிடலாம்.

கைவரைபடமாக மூன்று அம்புகளைத் தலையும் வாலுமாக அடுத்தடுத்துத் தோராயமாகக் கிறுக்கிப் பார்த்திருந்தாலே, முடிவு இடப்பக்க மேல்மூலையில் விழுவது கண்ணில் பட்டிருக்கும். அளவுத்திட்டமும் பாகைமானியும் இதற்குத் தேவையில்லை, அரை நிமிடம் போதும். எண்களின் மேல் எவ்வளவு நம்பிக்கை உள்ளவர்களும் இந்த அரை நிமிடத்தைச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

வளையம் அசையாமல் நிற்க வேண்டுமானால், தொகுபயனுக்குச் சமமான எண்மதிப்போடு நேர் எதிர்த்திசையில், அதாவது 141° + 180° = 321° திசையில், 21.4 நியூட்டன் விசையால் நான்காவது கயிற்றை இழுக்க வேண்டும். பள்ளி ஆய்வகங்களில் இணைகர விதியைச் சரிபார்க்கும் சோதனை இதை அடிப்படையாகக் கொண்டதே. செங்குத்தாக நிறுத்திய வரைபலகையின் மேல்மூலைகளில் இரு கப்பிகள், அவற்றின் மேல் செல்லும் நூல்களின் முனைகளில் எடைகள், நூல்கள் முடிச்சிட்ட இடத்திலிருந்து தொங்கும் மூன்றாவது எடை. நூல் தாளைத் தொடாமல் சற்று முன்னால் நிற்பதால், அதன் பின்னே கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து, நூலும் அதன் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் நிலையில் புள்ளி வைப்பார்கள். மேலே உள்ள இரு விசைகளுக்கும் இணைகரம் வரைந்தால், மூலைவிட்டம் மூன்றாவது எடையின் அளவோடு நேர்மேலே நோக்கி அமைய வேண்டும். கப்பியில் உராய்வு இருந்தால் சற்று விலகும்.

கழித்தலுக்குத் தனி முறை தேவையில்லை. கழிக்க வேண்டிய வெக்டரின் அம்பைத் திருப்பிவிட்டு, அதாவது அதன் இரு கூறுகளின் குறிகளையும் மாற்றிவிட்டு, கூட்டினால் போதும்.

காற்றில் பறக்கும் விமானம்

திசையை வார்த்தைகளில் சொல்லும் கணக்குகளில் இன்னொரு பொறி இருக்கிறது. சிறிய விமானம் ஒன்று மூக்கைக் கிழக்கு நோக்கி வைத்து, காற்றோடு ஒப்பிட மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பறக்கிறது, வடகிழக்குக் காற்று மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வீசுகிறது. தரையோடு ஒப்பிட அதன் திசைவேகம் என்ன? வடகிழக்குப் பருவக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதைப் போலவே, காற்றுகளுக்கெல்லாம் அவை வரும் திசையால்தான் பெயர். ஆனால் வெக்டரின் அம்பு காற்று செல்லும் திசையைக் காட்ட வேண்டும். எனவே காற்றின் கோணம் 45° அன்று, தென்மேற்காக, 225°.

விமானத்தின் கூறுகள் 200, 0. காற்றின் கூறுகள் −28.28, −28.28. கூடுதல் 171.72, −28.28. எண்மதிப்பு மணிக்கு 174 கி.மீ.; வகுத்துப் பெறும் கோணம் −9.4°. கிடைக்கூறு நேர்க்குறி என்பதால் 180°ஐக் கூட்ட வேண்டியதில்லை. விமானம் கிழக்கிலிருந்து 9.4° தெற்காக விலகிச் செல்கிறது. காற்றின் கோணத்தை 45° என்று எழுதியிருந்தால் மணிக்கு 230 கி.மீ. என்றும், விலகல் வடக்காக 7.1° என்றும் வந்திருக்கும். முன்பக்கம் சாய்வாக எதிர்த்து வீசும் காற்று விமானத்தை வேகப்படுத்தியதாகச் சொல்லும் விடை அது. 160க்கும் 240க்கும் இடையில்தான் அதுவும் இருக்கிறது; ஆகவே எல்லைச் சோதனை இங்கே உதவாது, கைவரைபடம் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

விமானிகளும் மாலுமிகளும் கோணத்தை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளப்பவர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், நம் கோணத்தை 90°யிலிருந்து கழிக்க வேண்டும்: 90° − (−9.4°) = 99.4°. கழித்து வருவது எதிர்க்குறியாக இருந்தால் 360°ஐச் சேர்த்துக்கொள்ளலாம்.